கோச்சைத் தூக்குறதுக்கு முன்னாடி... டோர்ட்முண்டுக்கு ஒரு ரவுண்ட்!

சனிக்கிழமை ராத்திரி. ஹாஸ்டல் டி.வி. ரூம். உங்க டீம் வரிசையா மூணாவது மேட்சைக் கோட்டை விட்டிருக்கு. ''முதல்ல இந்த கோச்சைத் தூக்கணும் மச்சி!'' என்று ஒருத்தர் ஆரம்பிக்க, ''அந்தப் புதுப் பையனை எவன் டீம்ல எடுத்தது?'' என்று இன்னொருத்தர் எடுத்துக் கொடுக்க, அரை மணி நேரத்தில் மொத்த டீமையும் கலைத்துவிட்டுத்தான் தூங்கப் போவீர்கள். சரிதானே?

தப்பில்லை. ரசிகன்னா கோபம் வரத்தான் செய்யும். ஆனா, 'டீமைப் புதுசா கட்டிட்டிருக்கோம், கொஞ்சம் டைம் கொடுங்க' என்று எந்த கிளப் சொன்னாலும் நமக்கு அது சாக்கு மாதிரியே தெரியுது. அது சாக்கா, நிஜமா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஊர் இருக்கிறது. ஜெர்மனியின் மேற்குப் பக்கம், ரூர் பகுதியில், சுமார் ஆறு லட்சம் பேர் வாழும் டோர்ட்முண்ட். மஞ்சள் - கறுப்பு ஜெர்ஸி போட்ட பொருஸியா டோர்ட்முண்டின் சொந்த ஊர். விசா வேண்டாம், ஃப்ளைட் டிக்கெட் வேண்டாம். வாங்க, ஒரு ரவுண்ட் போயிட்டு வந்துடலாம்.

மூணு தொழிலும் போன ஊர்

மெயின் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தால், ஒரு பெரிய கட்டடத்தின் தலையில் தங்க நிறத்தில் 'யு' என்ற ஆங்கில எழுத்து உட்கார்ந்திருக்கும். ஒரு காலத்தில் அது யூனியன் என்ற பீர் கம்பெனியின் கட்டடம். 2010 முதல் கலை மையம். ஓவியக் கண்காட்சி பார்க்கப் போகலாம்.

இந்த ஊருக்குச் சோறு போட்டது மூணு தொழில்கள். நிலக்கரி, உருக்கு, பீர். கடைசி நிலக்கரிச் சுரங்கத்தை 1987-ல் மூடினார்கள். உருக்கு ஆலைகளின் உலை 2001-ல் அணைந்தது. நம்ம ஊரில் ஒரு மில் மூடினால் அந்தத் தெருவே எப்படி இருண்டு போகும்... அதையே ஒரு முழு ஊருக்கும் நினைச்சுப் பாருங்க. வேலை போச்சு, புகைபோக்கி போச்சு. மிச்சம் இருந்தது கால்பந்து. அதனால்தான் இங்கே டீம் தோத்தால் வலி கொஞ்சம் கூடுதல்.

பதினெட்டுப் பசங்களும் ஒரு பாதிரியாரும்

யு-44 ரயில் பிடித்தால் சில நிமிஷத்தில் போர்ஸிக்பிளாட்ஸ். ஆறு தெருக்கள் வந்து சேரும் ஒரு ரவுண்டானா. பளபளப்பெல்லாம் எதிர்பார்க்காதீங்க. தொழிலாளர் குடியிருப்புகள், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள், சின்னச் சின்னக் கடைகள். ஆனால், கப் ஜெயித்தால் டீம் ஊர்வலம் வருவது இந்த ரவுண்டானாவுக்குத்தான். ஏன்?

1909 டிசம்பர் 19. பக்கத்து சர்ச்சின் இளைஞர் குழுவைச் சேர்ந்த பதினெட்டுப் பேர், இங்கே இருந்த ஒரு மதுக்கடையின் மாடியில் கூடி கிளப் ஆரம்பித்தார்கள். 'கால்பந்தெல்லாம் முரட்டு விளையாட்டு, கெட்டுப் போயிடுவீங்க' என்று நினைத்த பாதிரியார் டேவால்ட் கூட்டத்தைத் தடுக்க வந்தார். பசங்க அவரை உள்ளே விடவே இல்லை! பெயர் வைத்த கதை இன்னும் ஜாலி. 'பொருஸியா' என்றால் லத்தீனில் பிரஷ்யா. ஆனால் இவர்கள் சரித்திரப் புத்தகத்தைப் பார்த்து எடுக்கவில்லை. அது பக்கத்தில் இருந்த ஒரு பீர் கம்பெனியின் பெயர்!

முதல் ஜெர்ஸி மஞ்சள்கூட இல்லை. நீலமும் வெள்ளையும் பட்டை போட்டது. இன்றைக்கு அந்த நிறம் இவர்களின் பரம எதிரியான ஷால்கேயுடையது. மஞ்சளும் கறுப்பும் 1913-ல்தான் வந்தன. முதல் தேசிய சாம்பியன் பட்டம் 1956-ல். எண்ணிப் பாருங்க, தொடங்கி நாற்பத்தேழாவது வருஷம்!

ஏரிக்கு முன்னாடி குழாய்

மைதானத்துக்குப் போறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு சுத்து. யு-41 பிடித்து ஹோர்டே என்ற பகுதியில் இறங்குங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் ஓர் ஏரி. 24 ஹெக்டேர். படகு விடுறாங்க, சைக்கிள் ஓட்டுறாங்க, கரையோரம் அழகழகா வீடுகள். பேரு ஃபீனிக்ஸ் ஏரி.

2001 வரைக்கும் இந்த இடத்தில் தண்ணீர் கிடையாது, நெருப்பு. ஃபீனிக்ஸ் உருக்கு ஆலை இங்கேதான் இருந்தது. ஆலையை மூடியதும் இயந்திரங்களைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிச் சீனாவுக்கு அனுப்பிவிட்டார்கள். காலி இடத்தைத் தோண்டி, 2010 அக்டோபரில் தண்ணீர் விட ஆரம்பித்து, 2011-ல் மக்களுக்குத் திறந்தார்கள். உருக்கு காய்ச்சிய பழைய கொப்பரை ஒன்றைக் கரையிலேயே நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

ஏரியை ஒட்டி ஓடுகிற எம்ஷர் ஆற்றின் கதை இதைவிடப் பெரிசு. பல தலைமுறைகளாக அது ஆறு அல்ல, சாக்கடை. ரூர் பகுதியின் மொத்தக் கழிவும் அதில்தான் போனது. 1992-ல் சுத்தம் செய்யும் வேலையை ஆரம்பித்தார்கள். எடுத்த எடுப்பில் பூங்காவும் நடைபாதையுமா போட்டார்கள்? இல்லை. முதலில் மண்ணுக்கு அடியில் 400 கிலோமீட்டருக்கும் மேல் கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். அதற்கப்புறம்தான் மேலே ஆறு. 2021 கடைசியில்தான் எம்ஷர் முழுக்கச் சாக்கடையிலிருந்து விடுபட்டது. கிட்டத்தட்ட முப்பது வருஷம்!

நடுவில் ஒரு பத்து வருஷம் கழித்து இங்கே வந்து எட்டிப் பார்த்தவருக்கு என்ன தெரிந்திருக்கும்? தோண்டிப் போட்ட மண்ணும் அதே நாற்றமும்தான். 'ஒண்ணுமே நடக்கலையே' என்று திட்டிவிட்டுப் போயிருப்பார். வேலை நடந்துகொண்டிருந்தது அவர் காலுக்குக் கீழே!

இதை மனசுல வெச்சுக்கிட்டு மைதானத்துக்கு வாங்க.

வித்துட்டு வாடகைக்கு இருந்த வீடு

வெஸ்ட்ஃபாலன் ஸ்டேடியம். 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டியது. இன்றைக்கு 81,365 பேர் பார்க்கலாம். பக்கத்திலேயே டீமின் பழைய மைதானமான ரோட்டே எர்டே, தாத்தா மாதிரி அமைதியா உட்கார்ந்திருக்கும். பெரிய ஸ்டேடியத்தின் அதிகாரபூர்வப் பெயர் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பெயர். 2005-ல் பணத்துக்காகப் பெயரை விற்றார்கள். அதற்கும் முன்னால் மைதானத்தையே விற்றிருந்தார்கள்!

எப்படி இந்த நிலைமை? 1997-ல் சாம்பியன்ஸ் லீக் ஜெயித்த டீம் இது. ஃபைனலில் யுவென்டஸை 3-1 என்று கவிழ்த்தது. 2000-ல் பங்குச்சந்தையில் இறங்கிய முதல் ஜெர்மன் கிளப்பும் இதுதான். கையில் காசு வந்ததும் நட்சத்திரங்களைக் கோடிகள் கொட்டி வாங்கினார்கள். 2002-ல் மறுபடியும் லீக் சாம்பியன். 'வருஷா வருஷம் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடுவோம், அந்தப் பணம் வரும்' என்பதுதான் கணக்கு. 2003-ல் தகுதிச் சுற்றிலேயே பெல்ஜியத்தின் ப்ரூஜ் கிளப்பிடம் பெனால்ட்டியில் தோற்றார்கள். கணக்கு மொத்தமும் கவிழ்ந்தது.

கடன் 10 கோடி யூரோவைத் தாண்டியது. ஒரு நில முதலீட்டு ஃபண்டிடம் மைதானத்தை விற்றுவிட்டு, சொந்த வீட்டிலேயே வாடகைக்கு இருந்தார்கள். எதிரியான பயர்ன் மியூனிக்கே 20 லட்சம் யூரோ கைமாத்தாகக் கொடுத்த கதையும் நடந்தது. 2005 மார்ச் 14. டுஸல்டார்ஃப் விமான நிலையத்தில் அந்த ஃபண்டின் முதலீட்டாளர்கள் கூடினார்கள். அவர்கள் மீட்புத் திட்டத்துக்குத் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் கிளப் அன்றைக்கே திவால். 'சரி' என்றார்கள். உயிர் தப்பியது.

அடுத்த வருஷங்களில் லீகில் டீம் பிடித்த இடங்களைப் பாருங்க. 2005-ல் 7. 2006-ல் 7. 2007-ல் 9. 2008-ல் 13. படிப்படியா... கீழே! 2006-07 சீஸனில் மட்டும் மூணு கோச். கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோமோ என்ற பயம் வேறு. டி.வி. ரூமில் உட்கார்ந்து பார்த்திருந்தால் நீங்களும் நானும் என்ன சொல்லியிருப்போம்? 'டீம் காலி மச்சி!'

ஆனால், எம்ஷர் ஆற்றின் குழாய் மாதிரி, வேலை கீழே நடந்தது. 2006-ல் மைதானத்தைத் திரும்ப வாங்கினார்கள். கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார்கள். காசு இல்லாததால் பசங்களை ஆட விட்டார்கள். 2005-ல் நூரி ஷாஹின் என்ற பையனை 16 வயதில் களமிறக்கினார்கள். பாயின்ட்ஸ் டேபிளில் இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

இருபத்தஞ்சாயிரம் பேர் கட்டிய சுவர்

இப்போ தெற்குப் பக்க கேலரிக்கு வாங்க. ஸீட் கிடையாது. நின்றுதான் பார்க்கணும். 24,454 பேர் தோளோடு தோள் இடித்து நிற்கும், ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய நின்று பார்க்கும் கேலரி. எல்லாரும் மஞ்சளில் வருவதால் பேரு 'மஞ்சள் சுவர்'. கோல் போஸ்ட்டுக்குப் பின்னாலிருந்து அது செங்குத்தாக மேலே ஏறும். எதிரணி கோல்கீப்பர் அதைப் பார்த்தபடிதான் பாதி மேட்ச் ஆடணும். பாவம்!

டீம் 7, 7, 9, 13 என்று போய்க்கொண்டிருந்த அந்த வருஷங்களிலும் இந்த மைதானத்துக்குச் சராசரியாக 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். திவாலாகப் போகிற, சுமாராக ஆடுகிற ஒரு டீமுக்கு! அந்த டிக்கெட் பணம்தான் கிளப்பின் தினப்படிச் செலவுக்குக் கைகொடுத்தது. கடன் கொடுத்தவர்களுக்கு நம்பிக்கை தந்ததும் அந்தக் கூட்டம்தான். 'இந்தக் கடைக்கு வாடிக்கையாளர் குறைய மாட்டார்' என்று தெரிந்தால்தானே தவணைக்கு ஒத்துக்கொள்வார்கள்?

அதாவது, பொறுமைங்கறது இங்கே சும்மா மனசுக்குள்ள வெச்சுக்கிற நல்ல குணம் இல்லை பாஸ். அது செங்கல். டீமைக் கட்ட அதுவும் தேவைப்பட்டது.

2008-ல் மைன்ஸ் என்ற சின்ன கிளப்பிலிருந்து ஒரு கோச் வந்தார். யூர்கன் க்ளாப். நடு டிஃபென்ஸில் அவர் நிறுத்திய ஹம்மல்ஸ், சுபோட்டிச் இருவருக்கும் அப்போது 19 வயது. 'குழந்தைகள் போட்ட தாழ்ப்பாள்' என்று அர்த்தம் வருகிற மாதிரி, ஒரு சாக்லேட் பெயரை வைத்துப் பத்திரிகைகள் கிண்டலடித்தன. முதல் சீஸனில் 6-வது இடம். இரண்டாவது சீஸன் ஆரம்பத்தில் இதே மைதானத்தில் பயர்னிடம் 1-5 என்று உதை. 'க்ளாப்பைத் தூக்கு' என்று சொல்ல இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா? தூக்கவில்லை. அந்த சீஸன் முடிவில் 5-வது இடம்.

2010-ல் ஜப்பானிலிருந்து ககாவாவை வெறும் மூன்றரை லட்சம் யூரோவுக்கு வாங்கினார்கள். போலந்திலிருந்து லெவண்டோவ்ஸ்கி வந்தார். முதல் சீஸனில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்தான். லீகில் அடித்தது எட்டே எட்டு கோல். 'இவனையா வாங்கினீங்க?' என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம். அடுத்த சீஸனில் 22 கோல்!

2011 ஏப்ரல் 30. நியூரம்பெர்கை 2-0 என்று ஜெயித்து லீக் சாம்பியன். ஃபீனிக்ஸ் ஏரியைத் திறந்த அதே வசந்த காலம்! அடுத்த வருஷம் மறுபடியும் சாம்பியன், அதுவும் அன்றைய தேதிக்கு சாதனையான 81 பாயின்ட்டுகளோடு. ஜெர்மன் கப் ஃபைனலில் பயர்னுக்கு 5-2. லெவண்டோவ்ஸ்கிக்கு ஹாட்ரிக். ஆக, 7, 7, 9, 13, 6, 5... 1, 1. இந்த வரிசையை நடுவில் எங்கே நிறுத்தினாலும் கதை தோல்வியாகத்தான் தெரியும்.

பொறுமைன்னா வாயை மூடிட்டு இருக்கிறதா?

இல்லவே இல்லை. 2015 பிப்ரவரி 4. அதே க்ளாப், அதே மைதானம். ஆக்ஸ்பர்கிடம் 0-1 தோல்வி. 19 மேட்ச் முடிந்த நிலையில் 18 டீம்களில் கடைசி இடம்! மஞ்சள் சுவர் விசிலடித்துக் கொதித்தது. அங்கே கோபம்னா விசில்தான். கேப்டன் ஹம்மல்ஸும் கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் நேராக கேலரி வேலிக்குப் போய், ரசிகர்களோடு நின்று பேசினார்கள். அடுத்த மேட்ச்சில் ஜெயித்தார்கள். கோச்சை மாற்றவில்லை. சீஸன் முடிவில் 7-வது இடத்துக்கு ஏறி, கப் ஃபைனலுக்கும் போனார்கள்.

கேள்வி கேட்கிறது வேற, கைவிடுகிறது வேற. ஜெர்மனியில் ரசிகர்களுக்கு அந்த உரிமை லீக் விதியாகவே இருக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்கள் கையில்தான் இருக்கணும் என்பது அங்கே விதி. அதனால் 'நம்ம டீம்'னு சொன்னா நிஜமாவே நம்ம டீம்.

பக்கத்து ஊரையும் பார்த்துடலாம்

டோர்ட்முண்டிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் கெல்ஸன்கிர்ஷன். இதுவும் நிலக்கரி ஊர். ஷால்கேயின் ஊர். ரசிகர் பாசத்தில் மஞ்சள் சுவருக்குக் கொஞ்சமும் சளைக்காதவர்கள். 2018-ல் ஷால்கே லீகில் இரண்டாம் இடம். மூணே வருஷத்தில் கடைசி இடம். 2020-21 சீஸனில் ஐந்து கோச். வாக்னர், பாவ்ம், ஸ்டீவன்ஸ், கிராஸ், கிரமோஸிஸ். மொத்தமே மூணு வெற்றி, 16 பாயின்ட். கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள்.

கோச்சை மாற்றியது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். 30 லீக் மேட்ச் வரிசையா ஜெயிக்காத டீமில் எந்த கிளப்பும் யோசிக்கும். கடன் சுமை இருந்தது. கொரோனாவால் கேலரியும் காலி. ஆனால் ஒரு கோச் போய் இன்னொருவர் வரும்போது, 'நாம என்னத்தைக் கட்டிட்டிருக்கோம்?' என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. குழாயே பதிக்காமல் மேலே மேலே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

அப்போ எந்த டீமுக்குப் பொறுமை?

எல்லாத்துக்கும் தலையாட்டச் சொல்லலை. உங்க டீம் தோத்தா, மூணு விஷயத்தைப் பாருங்க. ஒண்ணு, சின்னப் பசங்களுக்கு நிஜமாவே மேட்ச் கிடைக்குதா, இல்லை பேட்டியில் மட்டும்தான் அவங்க பேர் வருதா? ரெண்டு, வரவுக்குள்ள செலவு பண்றாங்களா, இல்லை அடுத்த வருஷத்து வருமானத்தை இந்த வருஷமே சாப்பிடுறாங்களா? மூணு, தோற்கும்போதும் ஆட்டத்தில் ஒரே ஒரு யோசனை தொடர்ந்து தெரியுதா, இல்லை வாரா வாரம் புதுப் புது டீம் மாதிரி இருக்கா? மூணுக்கும் பதில் நல்லதா இருந்தா, 13-வது இடத்தில் இருந்தாலும் பொறுமையா இருங்க. மூணுக்கும் பதில் மோசமா இருந்தா, 2-வது இடத்தில் இருந்தாலும் கேள்வி கேளுங்க. 2002-ல் சாம்பியனாக இருந்த டோர்ட்முண்டிடம் யாராவது அந்த ரெண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கணும்.

பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மா அடிச்சு விடவும் நான் தயாரில்லை. பொறுமைக்குப் பரிசு கட்டாயம் கிடைக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. 2012-க்கு அப்புறம் பத்து வருஷத்துக்கும் மேலாக டோர்ட்முண்டுக்கு லீக் பட்டம் வரவில்லை. 2023 மே 27-ல் கடைசி மேட்ச். சொந்த மைதானம். மைன்ஸை ஜெயித்தால் கப் வீட்டுக்கு வந்துவிடும். 2-2 டிரா. பயர்னுக்கும் இவர்களுக்கும் ஆளுக்கு 71 பாயின்ட். கோல் கணக்கில் கப் கை நழுவியது. கோச் டெர்ஸிச் அழுதுகொண்டே மஞ்சள் சுவருக்கு முன்னால் போய் நின்றார். சுவர் கலையவில்லை. நின்று பாடியது. அடுத்த வருஷம் அதே கோச்சோடு அந்த டீம் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரை போனது. அதிலும் ரியல் மாட்ரிட்டிடம் தோல்விதான். ஆனால், ஐந்து கோச் மாற்றிய டீம் போன இடத்துக்கு இவர்கள் போகவில்லை.

இன்னொரு விஷயம். அந்த லெவண்டோவ்ஸ்கி இருக்காரே, பின்னாடி பயர்னுக்குப் போய் 2020-21-ல் ஒரே லீக் சீஸனில் 41 கோல் அடித்து, கெர்ட் முல்லரின் 40 கோல் சாதனையை உடைத்தார். உங்க டீமோட புது ஸ்ட்ரைக்கர் அடுத்த வாரம் காலி கோல் போஸ்ட்டுக்கு வெளியே பந்தை அடிச்சா, திட்டுங்க, தப்பில்லை. திட்டி முடிச்சதும் 'எட்டு' என்ற எண்ணை மட்டும் ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கோங்க!